அரைப் பேர்

தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தை நாங்கள் 'பேர்' என்போம். விடியக் காலையில் பிரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்குப் போய், மாலை வரை மலையில் நின்று, சொன்ன அளவுக்குக் கொழுந்து நிறுத்துக் கொடுத்தால் செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டில் ஒரு பேர் விழும். பிந்திப் போனாலோ, கொழுந்து குறைந்தாலோ, மேலதிகாரிக்கு மனம் கோணினாலோ அரைப் பேர். அந்தி நேரத்தில், எங்கள் வரிசை வீடுகளான லயங்களின் வாசல்களில் கேட்கும் முதல் கேள்வியே, "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" என்பதுதான்.

இலங்கை மலையகத்தில், மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் பிறந்தவள் நான். 1974 இல், எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது, என் அம்மாவுக்கு ஒரு நாள் அரைப் பேர் வெட்டினார்கள். காரணம் ஒரு நாய்.

2025 இல் கொழும்புக்குப் போயிருந்தேன். என் மகள் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனத்தின் ஆறாவது மாடி. கண்ணாடிக் கதவைத் திறந்ததும், கழுத்தில் ஊழியர் அட்டை தொங்க, மஞ்சள் நிற லாப்ரடோர் ஒன்று என்னை நோக்கி நடந்து வந்தது. அட்டையை எடுத்துப் படித்தேன். அதன் படம் இருந்தது. பெயர் இருந்தது. பெயருக்குக் கீழே ஒரு பதவியும் இருந்தது: ஊழியர் நலத் துணை. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அது வேலைக்கு வருமாம்.

"அம்மா, இது வாற அன்னைக்கு எனக்குத் தலையிடி வாறதே இல்ல" என்றாள் மகள்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாய் வந்து என் மடியில் தலையை வைத்தது. அதன் நெற்றியைத் தடவியபோது, நாற்பது வருஷத்துக்கும் முன் செத்துப்போன ஒரு வாசனை என் மூக்குக்கு வந்தது. ஈரக் கம்பளி, பச்சைக் கொழுந்து, நாய் மயிர் மூன்றும் கலந்த வாசனை.

அம்மாவின் அரைப் பேருக்குக் காரணமான அந்த நாயின் பெயர் மணி. அது முதலில் எங்கள் நாயாக இருக்கவில்லை, என் சித்தி வீட்டு நாய். சித்தி குடும்பம் அதே லயத்தில், எங்களுக்கு மூன்று காம்பரா தள்ளி இருந்தது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்களே, அந்த ஒப்பந்தத்தில் எங்கள் மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. அந்த எண்ணிக்கைக்குள் எங்கள் சித்தியும் இருந்தாள், சித்தப்பா இருந்தார், இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். நாய்க்குப் பாஸ்போர்ட் கிடையாது.

1971 இல் அவர்கள் புறப்பட்டார்கள். டிரங்குப் பெட்டிகளை லொறியில் ஏற்றி, மடுல்கெல்ல டவுனைத் தாண்டி, பன்வில, வத்தேகம வழியாகக் கண்டி ஸ்டேஷனுக்கு. அங்கிருந்து கோச்சியில் தலைமன்னார், பிறகு கப்பலில் ராமேஸ்வரம். அந்தக் கோச்சியை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று சொல்வார்கள். உள்ளே இருப்பவர்களும் அழுவார்கள், பிளாட்பாரத்தில் நிற்பவர்களும் அழுவார்கள்.

மணி லொறிக்குப் பின்னால் ஓடியது. எவ்வளவு தூரம் ஓடியதென்று யாருக்கும் தெரியாது. ராத்திரி திரும்பி வந்தபோது நான்கு காலிலும் பாதம் வெடித்து ரத்தம் கசிந்தது. சித்தியின் பூட்டிய காம்பராவுக்கு முன், இஸ்தோப்பில், மூன்று நாள் படுத்தே கிடந்தது. அம்மா ரொட்டியைப் பிய்த்துத் தேத்தண்ணியில் நனைத்து வைத்துப் பார்த்தாள். தொடவில்லை. அம்மாவும் அந்த மூன்று நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான்.

நான்காம் நாள் விடியலில் தப்புச் சத்தம் கேட்டு அம்மா கூடையை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். பின்னால் ஏதோ நடக்கிற சத்தம். திரும்பிப் பார்த்தாள். மணி. நொண்டிக்கொண்டே பிரட்டுக்களம் வரை வந்தது. அன்றிலிருந்து பத்து வருஷம், மழையோ பனியோ, அம்மா போன மலைக்கெல்லாம் அதுவும் போனது.

நக்கிள்ஸ் மலையிலிருந்து இறங்கி வரும் மூடுபனியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிறவளின் கை தெரியும், முகம் தெரியாது. அந்த வெள்ளைக்குள் ஒருத்தி எட்டு மணி நேரம் நிற்கிறாள். முதுகில் கூடை, இடுப்பில் படங்கு, தலையில் கம்பளி. பேச்சுச் சத்தம் கேட்டால் கங்காணி அதட்டுவார். நிரையின் தலைமாட்டில் மணி படுத்திருக்கும். அம்மா முன்னேற முன்னேற அதுவும் எழுந்து இரண்டு செடி தள்ளிப் போய்ப் படுக்கும். பன்றி வந்தால் குரைக்கும். பாம்பென்றால் குரைப்பே வேறு மாதிரி இருக்கும், பெண்கள் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். சிறுத்தை வாசனை பட்டால் குரைக்கவே குரைக்காது, அம்மாவின் காலோடு காலாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

பத்து மணிக்குத் தேத்தண்ணி கொண்டு போவது என் வேலை. ஒரு நாள் நான் கண்டதை இன்னும் மறக்கவில்லை. மழை விட்டிருந்தது. அம்மா கான் ஓரத்தில் உட்கார்ந்து, நனைந்து வெளுத்துப்போன இரண்டு பாதங்களையும் மணியின் வயிற்றோடு சேர்த்து வைத்திருந்தாள். அது மல்லாந்து படுத்து அசையாமல் கிடந்தது. அதன் மூக்குக்குள் ஓர் அட்டை புகுந்திருந்தது. ரத்தம் குடித்துக் கொழுத்து, நாய் மூச்சு விடும்போதெல்லாம் அதன் நுனி வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த உப்பை உள்ளங்கையில் மழைத் தண்ணீரில் கரைத்து, சொட்டுச் சொட்டாக விட்டாள். மணி ஒரு தரம் தும்மியது. அட்டை வெளியே விழுந்தது. அம்மா சிரித்தாள். சித்தி போன பிறகு அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவள் அதனோடு பேசுவாள். சித்தியின் பெயரைச் சொல்லிப் பேசுவாள். எங்களிடம் சொல்லாததையெல்லாம் அதனிடம் சொன்னாள். சித்தி கூடலூர்ப் பக்கம் டான்டீ தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள். தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு நீலகிரியில் போட்ட தேயிலைத் தோட்டம். அங்கேயும் கொழுந்துதான், அங்கேயும் லயம்தான். வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ ஏரோகிராம் வரும். எல்லோரையும் பெயர் பெயராக விசாரித்துவிட்டு, மடிக்கும் ஓரத்தில் இடமில்லாத இடத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: மணி எப்படி இருக்கு. அதை நான் வாசித்துக் காட்டும்போது அம்மா மணியைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வாள்.

இனி அந்த அரைப் பேரைச் சொல்கிறேன்.

வேலைக்கு நாயைக் கூட்டிக்கொண்டு வரும் வழக்கம் எங்கள் தோட்டத்தில் ஏற்கெனவே இருந்தது. தோட்டத்தை நடத்திய துரைக்கு இருந்தது. பிரட்டுக்களத்தில் துரை வந்து நிற்கும்போது பக்கத்தில் அவருடைய அல்சேஷனும் நிற்கும். மலை சுற்றிப் பார்க்க வரும்போதும் அது முன்னால் ஓடிவரும். அதைக் குளிப்பாட்ட, இறைச்சி வேகவைத்துப் போட, ராத்திரி கட்ட என்று பங்களாவில் ஓர் ஆள் இருந்தார். அவருக்குச் செக்ரோலில் முழுப் பேர். அது பங்களா நாய். எங்களுடையது லயத்து நாய். இரண்டும் ஒரே மலையில்தான் நடந்தன.

அன்றைக்கு நான் தேத்தண்ணி வாளியோடு நிற்கிறேன். கீழ்ப் பாதையிலிருந்து அல்சேஷன் பாய்ந்து நிரைக்குள் வந்தது. அது யாரையும் கடிக்க வரவில்லை, விளையாட்டாக வந்திருக்கலாம். மணிக்கு அது எப்படித் தெரியும்? எழுந்து நின்று, முதுகு மயிரெல்லாம் சிலிர்க்க, பல்லைக் காட்டி உறுமியது. அதன் பாதி உயரம்கூட இருக்காது மணி. அல்சேஷன் பின்வாங்கித் துரையின் காலடிக்கே ஓடிப்போனது.

"யார் நாய் இது?"

முப்பது பெண்கள் நிரையில் நின்றார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. காட்டிக்கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. கொழுந்து கிள்ளும் சத்தம்கூட நின்றுவிட்டது. அந்த அமைதியில் மணி மெதுவாகத் திரும்பி நடந்து, அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தது.

துரைக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. கணக்கப்பிள்ளையிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாலையில் கொழுந்து மடுவத்தில் தராசு முழு நிறையைக் காட்டியது. செக்ரோலில் அரைப் பேர்தான் விழுந்தது. "ஐயா, கொழுந்து சரியா இருக்குங்களே" என்று அம்மா ஒரு தரம் கேட்டாள். கணக்கப்பிள்ளை தலை நிமிரவில்லை. 1974 என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மாவுக்கும் அரிசிக்கும் தோட்டங்கள் தவித்த வருஷம். காட்டுக் கிழங்கு தோண்டித் தின்ற வருஷம். அந்த அரைப் பேர் எங்கள் வீட்டில் ஒரு நேரச் சாப்பாடு.

அப்பாவிடம் அவள் அதைச் சொல்லவில்லை. ராத்திரி அடுப்படியில் மணியைத் தடவிக்கொண்டு, "நீ சும்மா இருந்திருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாளும் அதைக் கூட்டிக்கொண்டுதான் போனாள். கொஞ்ச தூரத்தில், கவ்வாத்து வெட்டிய மலை ஓரத்தில் படுக்கப் பழக்கினாள். துரை வரும் நேரம் மற்றப் பெண்கள் குரல் கொடுப்பார்கள்.

அடுத்த வருஷம் இன்னொரு பயம் வந்தது. மேல் லயத்துப் பையன் ஒருவன் விசர்நாய் கடித்துச் செத்துப்போனான். தண்ணீரைக் கண்டு அவன் அலறியதை லயமே கேட்டது. அந்தக் காலத்தில் அந்த நோய் நாடு முழுக்க இருந்தது, 1973 இல் மட்டும் 377 பேரை அது கொன்றது. ஆகவே நாய்களைக் கண்டு தோட்டம் பயந்ததில் நியாயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் செய்த வைத்தியம் துப்பாக்கி. லயத்து நாய் ஒவ்வொன்றையும் சுடச் சொல்லி உத்தரவு வந்தது. பங்களா நாய்க்குக் கண்டியிலிருந்து ஊசி வந்தது. அன்று பின்னேரம் அம்மா மணியை விறகுக்குப் பின்னால் மடியில் கிடத்தி, அதன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு இருட்டும் வரை உட்கார்ந்திருந்தாள். வெளியே ஒவ்வொரு வெடிச் சத்தத்துக்கும் அதன் உடம்பு நடுங்கியதை நான் கை வைத்துப் பார்த்தேன். அம்மாவின் உடம்பும் நடுங்கியது.

மணி பிழைத்தது. 1981 இல், கிழடாகி, கண் இரண்டிலும் வெள்ளை விழுந்த பிறகு, அம்மாவின் நிரையிலேயே ஒரு தேயிலைச் செடியின் கீழே படுத்து எழும்பாமல் போனது. அம்மா கூடையைக் கழற்றி வைத்தாள். கங்காணியிடம் கத்தி ஒன்று வாங்கி அங்கேயே குழி தோண்டினாள். மதியத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றைக்கும் அரைப் பேர். அதை அவளே எடுத்துக்கொண்டாள்.

ஆறாவது மாடித் தரையில் உட்கார்ந்து இதையெல்லாம் நான் மகளுக்குச் சொன்னேன். அவளுக்கு மணியைத் தெரியாது. அரைப் பேர் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்கிறாள், ஆனால் யாருக்கு, எதற்கு என்று தெரியாது. அவளோடு வேலை செய்யும் இளைஞன் ஒருவன் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவனுக்கு அப்பா இறந்து ஒரு மாதம் ஆகவில்லையாம். யாரும் அவனை எழுப்பவில்லை. வேலை நேரத்தில், சம்பளத்தோடு, அவன் அரை மணி நேரம் அப்படியே இருந்தான். அந்த நிறுவனம் செய்வது நல்ல காரியம். அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

உலகமும் இப்போது அதை ஒத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 1999 இலிருந்து நாயை வேலைக்குக் கூட்டிப்போக வருஷத்தில் ஒரு நாளே ஒதுக்கியிருக்கிறார்கள். வட கரோலினாவில் பழைய பீங்கான் தட்டுகளை விற்கும் பெரிய நிறுவனம் ஒன்றில், விர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஊழியர்களிடம் ஒரு வாரம் கேட்டுக் கணக்கெடுத்தார்கள். 2012 இல் முடிவு வெளியானது. நாயோடு வந்தவர்களுக்குப் பொழுது ஏற ஏற மனஅழுத்தம் கூடவில்லை. வீட்டில் விட்டு வந்தவர்களுக்கு மாலைக்குள் அது ஏறிப்போயிருந்தது. ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தார் 2015 இல் இன்னொன்றைக் காட்டினார்கள். நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் கண்ணோடு கண் பார்த்திருந்தால், தாய்க்கும் சேய்க்கும் பாசம் ஊறச் செய்யும் ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு இருவர் உடம்பிலும் கூடுகிறது. மும்பையில் டாட்டாவின் தலைமையகமான பாம்பே ஹவுஸை 2018 இல் புதுப்பித்தபோது, வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் தெரு நாய்களுக்கென்று கீழ்த்தளத்தில் ஓர் அறையே கட்டினார்கள். ரத்தன் டாட்டா தெருவிலிருந்து எடுத்து வளர்த்த 'கோவா' என்ற நாய் அவரோடு அலுவலகத்தில் இருந்தது. 2024 அக்டோபரில் அவர் இறந்தபோது இறுதி மரியாதைக்கு அதையும் கூட்டிவந்தார்கள். ஹைதராபாத் நிறுவனம் ஒன்று டென்வர் என்ற நாய்க்குத் தலைமை மகிழ்ச்சி அதிகாரி என்றே பதவி கொடுத்திருக்கிறது.

நாயின் கண்ணைப் பார்த்தால் மனம் ஆறும் என்பதை சிறுநீர் எடுத்துச் சோதித்துச் சொல்ல ஆய்வுக்கூடம் வேண்டியிருந்தது. மலையில் நின்ற முப்பது பெண்களுக்கும் அது தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் அன்று அவர்கள் வாய் திறக்கவில்லை.

"பாட்டிக்கு அந்த அரைப் பேர் திருப்பிக் கிடைச்சுதா அம்மா?" என்று மகள் கேட்டாள்.

இல்லை. கிடைக்கவில்லை.

இந்த வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். மடுல்கெல்ல மாறியிருக்கிறது. தேயிலைக்கு நடுவே கூடாரம் போட்ட விடுதி இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கி, காலையில் மூடுபனியைப் படம் பிடிக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கு அது அழகாகத் தெரிகிறது, அழகுதான். நான் பிறந்த லயம் அப்படியே நிற்கிறது, தகரம் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது. பல தோட்டங்களில் 18 கிலோ, 20 கிலோ நிறுத்தால்தான் முழுப் பேர். பிள்ளைகள் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். கொழுந்து எடுப்பவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருக்கிறது. முன்பு முப்பது பேர் நின்ற மலையில் எட்டுப் பேர், பத்துப் பேர். செடிகள் காடாகிப்போன மலைகளுக்குள் பன்றியும் சிறுத்தையும் குளவியும் குடியேறிவிட்டன. பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணியில் நாயும் மாட்டிச் சாகிறது. அம்மா காலத்தைவிட இன்று மலையில் நிற்கிறவள் தனியானவள். அவள் பின்னால் இன்றும் ஒரு நாய் நடந்து போகிறது. நான் பார்த்தேன். பழுப்பு நிறம், ஒரு காது கிழிந்தது. என்ன பேர் என்று கேட்டேன். "பேரெல்லாம் இல்லங்க, சும்மா டேய்னு கூப்புட்டா வரும்" என்றாள்.

2006 இலிருந்து தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது இந்த நாட்டின் கொள்கை. நாய்களுக்கு ஊசி போட்டது பெரிதும் உதவி, விசர்நாய்க்கடிச் சாவு இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியது. பேராதனையில் மிருக வைத்திய பீடமே இருக்கிறது, எங்கள் லயத்திலிருந்து அரை நாள் பயணம்கூட இல்லை. அப்படியிருந்தும் அந்தக் காது கிழிந்த நாய்க்கு ஊசி போட்டிருக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். ஊசி போட வந்தார்களாம். ஒரு புதன்கிழமை, காலை பத்து மணிக்கு. அந்த நேரம் அவள் மலையில் இருந்தாள். நாயும் அவளோடு மலையில் இருந்தது. இறங்கி வந்திருந்தால் அரைப் பேர்.

தோட்டத்தை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கொழும்பில் உங்கள் தலைமை அலுவலகங்களில் நாய்க்கு அட்டை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், மலையில் ஒருத்தியின் நிரைத் தலைமாட்டில் படுத்திருக்கும் நாயைத் துரத்தாதீர்கள். அதைச் சாட்டி அவள் பேரை வெட்டாதீர்கள். ஊசி போட வருகிற ஐயாமாரிடமும் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அன்றைக்குத்தான் எங்கள் பெண்கள் லயத்தில் இருப்பார்கள், நாய்களும் இருக்கும்.